பூட்டிய வீடுகளுக்குள் ஐந்து நாள்: செட்டிநாட்டுப் படக் குறிப்புகள்

முதல் நாள், காரைக்குடி

பிப்ரவரி முதல் வாரம். வடகிழக்குப் பருவமழை நின்று ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. சுவர்கள் காய்ந்திருக்கின்றன, வெயில் இன்னும் ஏறவில்லை. ஆளில்லாத பழைய வீடுகளைப் படமெடுக்க செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதிக்குள் வந்துவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாடி ஏறவே கூடாது. ஏன் என்பதை நாலாம் நாள் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்ள வேண்டும். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் இவற்றைக் 'கைவிடப்பட்ட வீடுகள்' என்கிறார்கள். இங்கே பூட்டிய வீடு உண்டு, இடிந்துகொண்டிருக்கிற வீடு உண்டு. சொந்தக்காரர் இல்லாத வீடு அநேகமாகக் கிடையாது. மூன்று தலைமுறைக்கு முன் ஒருவர் கட்டிய வீட்டுக்கு இன்று முப்பது, நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். சென்னையில் சிலர், கோலாலம்பூரில் சிலர், சிங்கப்பூரில் சிலர். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும், எல்லோரும் பணம் போட்டால்தான் ஓடு மாற்ற முடியும். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் திறக்கும். சாமி வீட்டில் முன்னோருக்குப் படைத்த சேலையும் வேட்டியும் பேழைக்குள் இருக்கும். சுவரேறிக் குதித்தால் நுழைவது ஒரு குடும்பத்தின் பூசை அறைக்குள். உலகில் வேறு எந்த ஊரில் அப்படிச் செய்பவர்கள் இருந்தாலும், செட்டிநாட்டில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

சட்டமும் தெளிவு. பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவின்படி வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்கு ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தேக்குத் தூண்களும் பழைய கண்ணாடிகளும் திருட்டுப் போகிற பகுதி இது. முதுகில் பையோடு பூட்டிய வீட்டுச் சுவரருகே நிற்கிற ஆளை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சாவி கிடைக்கிற வழி இதுதான். தெருவில் எதிர் வீட்டிலோ பெட்டிக்கடையிலோ, "அண்ணே, இந்த வீட்டைப் பாத்துக்கிறது யாரு?" என்று கேளுங்கள். திண்ணையில் வயதான அம்மா உட்கார்ந்திருந்தால் "ஆச்சி" என்று கூப்பிட்டுக் கேளுங்கள். "சினிமாவுக்கா?" என்பதுதான் முதல் மறுகேள்வியாக வரும், ஏனென்றால் படப்பிடிப்பு இங்கே அன்றாடம். "இல்ல ஆச்சி, வீட்டைத்தான் படம் எடுக்கணும், ஆள் யாரும் நடிக்கல" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தானாக அனுமதி தர மாட்டார், தரவும் கூடாது. பொறுப்பில் உள்ள பங்காளியின் எண்ணை அவரே அழைத்துக் கொடுப்பார். அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஐந்து விவரம் அனுப்புங்கள்: பெயர், எத்தனை பேர், எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பகுதிகள், படங்களை எங்கே வெளியிடுவீர்கள். அடையாள அட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 'சரி' என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பூட்டைத் தொட வேண்டும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் ஊருக்குக் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுங்கள். ஐந்து வீட்டுக்குக் கேட்டால் இரண்டு கிடைக்கலாம். மறுத்தவரிடம் மறுபடி கேட்காதீர்கள்.

1941இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டை இன்று வெளியிலிருந்து பார்த்தோம். மாலையில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். படமெடுக்க வருகிறவர்கள் முதல் நாளே இங்கே போக வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இடித்த வீடுகளின் உறுப்புகள் இந்தத் தெருக் கடைகளில் தனித்தனியாகக் கிடக்கின்றன: நிலை, போதிகை (தூணின் தலைக்கட்டை), கைமரம், எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, கண்ணாடிச் சட்டம். ஒரு கதவு நிலையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்பக்கம் கஜலட்சுமியும் கொடிகளும் கண்ணாடி போல் மின்னுகின்றன. பின்பக்கம் சுவருக்குள் இருந்த முகம்: இழைப்புளி படாத முரட்டு மரம், ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு, முளையடிக்கக் குடைந்த சதுரக் குழிகள். வீட்டில் நிற்கும்போது இந்த முகத்தை யாரும் பார்க்க முடியாது. இதைப் பார்த்தவருக்கு நாளை எந்த மூட்டை நெருக்கத்தில் எடுக்க வேண்டும் என்பது தானே தெரியும்.

இரண்டாம் நாள், கானாடுகாத்தான்

காரைக்குடியிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை இருக்கும் ஊர். அதை வெளியே நின்று பார்த்துவிட்டு, அனுமதி கிடைத்த வீட்டுக்கு ஆறரைக்கே வந்துவிட்டோம். இந்த வீடுகளில் வெளிச்சம்தான் முதல் பாடம். அது வீட்டின் அமைப்போடு பிணைந்தது.

வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். நடுவே முகப்பு, வளவு (முதல் பெரிய முற்றப் பகுதி), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசையாக முற்றங்கள். எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில். வாசற்படியில் நின்றால் கடைசிக் கதவின் வெளிச்சப் புள்ளி தெரியும். வளவைச் சுற்றி வரிசையாக உள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு தம்பதிக்கு. தூணை எண்ணுவதுபோல் அறைகளை எண்ணினால் அந்தக் குடும்பம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று கட்டியவர் கணக்குப் போட்டது புரியும்.

பெரும்பாலான வீடுகள் கிழக்கு மேற்காக இருப்பதால், வாசல் கிழக்கே பார்த்தால் காலை வெயில் கதவு வழியாக உள்ளே பாயும். பிப்ரவரியில் சூரியன் கிழக்குக்குத் தெற்கே ஒதுங்கி உதிப்பதால் ஒளிக்கற்றை சாய்ந்து விழுந்து முகப்பின் வடக்குச் சுவரில் முடிந்துவிடுகிறது. அது முகப்பிலிருந்து கொல்லை வரை நேராக ஓட வேண்டுமானால் மார்ச் 20 அல்லது செப்டம்பர் 22 சமயம் வர வேண்டும். முற்றத்துக்கு வேறு கணக்கு. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் பகல் 12.15 மணியளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வளவின் தரை முழுக்க வெயில் விழும், தூணுக்கு நிழலே இருக்காது. இப்போதோ உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வளவின் வடபுறத் தூண்கள் மட்டும் ஒளி பெறுகின்றன. எனவே தென்புறத் தாழ்வாரத்தின் நிழலில் முக்காலியை வைத்து வடக்கே பார்த்து எடுங்கள்.

அடுத்த சிக்கல் வெளிச்ச வேறுபாடு. இன்று பதினொரு மணிக்கு அளந்த கணக்கு: ஐஎஸ்ஓ 100, எஃப் 8. வெயில் விழும் முற்றத் தரைக்கு விநாடியில் 250இல் ஒரு பங்கு. தாழ்வாரத்துக் கூரைச் செதுக்கலுக்கு அரை விநாடி. ஏழு ஸ்டாப் வித்தியாசம், அதாவது வெளிச்சம் ஏழு முறை இரட்டிக்கும் அளவு. ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்க முயன்றால் முற்றம் வெளுத்துப் போகும் அல்லது செதுக்கல் கரியாகும். முக்காலியில் வைத்து 1/250, 1/60, 1/15, 1/4, 1 விநாடி என ஐந்து படம் எடுத்து, பிறகு கணினியில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது நிழலை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள். இந்த வீடுகள் வெயிலிலிருந்து தப்பிக்கக் கட்டியவை. உள்ளே இருட்டாக இருப்பதுதான் உண்மை.

லென்ஸ் 24 மில்லிமீட்டர் போதும். 16 மில்லிமீட்டரில் ஓரத் தூண்கள் பீப்பாய் போலப் பருத்துவிடும். கேமராவைத் தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டம் பார்த்து நிறுத்துங்கள். தூணின் உச்சி அடங்கவில்லை என்று மேலே சாய்த்தால் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். பின்னால் தள்ளி நில்லுங்கள், அல்லது கேமராவை நெடுக்காகத் திருப்பி எடுத்துத் தரைப் பகுதியை வெட்டிவிடுங்கள். முக்காலிக் காலில் ரப்பர் மட்டுமே, கூர்முனை கூடாது.

கதவுக்கு மேலுள்ள வண்ணக் கண்ணாடிகளால் சுவரில் சிவப்பும் பச்சையும் விழுகிறது. கேமராவின் தானியங்கி வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) இதைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். 5,200 கெல்வினில் நிலையாக வைத்து, ஒவ்வொரு அறையிலும் சாம்பல் அட்டையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் ஒரே ஒரு சுவரில் ஒரு மணி நேரம் செலவிட்டோம். செட்டிநாட்டுப் பூச்சு. சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்ந்த வேலை. நூறு ஆண்டுக்குப் பிறகும் கையை வைத்தால் வழுக்குகிறது, குளிர்கிறது. உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்திருந்த இடத்தில் அதன் வெட்டுமுகம் தெரிந்தது. கீழே செங்கல்லை ஒட்டி விரற்கடை தடிமனில் முரட்டுக் காரை, அதில் கண்ணுக்குத் தெரியும் மணல். அதற்கு மேல் நைசான காரை. எல்லாவற்றுக்கும் மேலே நகக்கண் அளவுகூட இல்லாத வெள்ளைத் தோல். மின்னுவது அந்தத் தோல் மட்டும்தான். இதை நேரே டார்ச் அடித்து எடுத்தால் வெறும் வெள்ளைப் பட்டை தெரியும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல், 10, 15 பாகைக்குள் பக்கவாட்டில் பிடியுங்கள். விரிசலும் உப்பலும் கரணை ஓடிய தடமும் எழுந்து வரும்.

மூன்றாம் நாள், ஆத்தங்குடி

அனுமதிக் கவலை இல்லாத நாள். கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளரை விடுகிற பெரிய வீடு இங்கே இருக்கிறது. முன்பு எடுத்துப் பழகாதவர்கள் இங்கேயே முதலில் கைபழகிவிட்டுப் பூட்டிய வீடுகளுக்குப் போகலாம்.

தரைக்கல் பட்டறையையும் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் குழம்பு, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணல் கலந்த உலர்ந்த சிமெண்டுத் தூள், பிறகு சாந்து. அடுப்பில் சுடுவது கிடையாது. தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, கண்ணாடியை விட்டு வரும்போதே மெருகு இருக்கும். இதைப் பார்த்திருந்தால் பழைய வீட்டில் எந்தக் கல் பிற்காலத்தில் மாற்றியது என்று சொல்லிவிடலாம். கையால் ஊற்றுவதால் இரண்டு வண்ணம் சேரும் கோடு கல்லுக்குக் கல் லேசாக மாறும். அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் அது ஆலைக் கல்.

தரையைப் படமெடுக்கும் முன் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் மண்ணைக் குழைத்து இடுக்கில் ஏற்றிவிடும். மென்மையான துடைப்பம், பிறகு பிழிந்த துணி. தேங்காய் எண்ணெய் தேய்த்து மினுக்குவது வீட்டாரின் வேலை.

நாலாம் நாள், பள்ளத்தூர்

இன்று மாடி. இந்தப் பயணத்தில் உயிருக்கு மிக அதிக ஆபத்து உள்ள நாள் இதுதான்.

ஏன் இந்த வீடுகள் இப்படி ஆயின என்பது மாடியில் புரியும். 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. 1948க்குப் பிறகு நிலம் அங்கே அரசுடைமையாகிப் போனது, 1963இல் வங்கிகளும் போயின. தேக்கும் பணமும் வந்த வழி அடைபட்டது. கட்டி முடித்துக் கொஞ்ச காலமே ஆன வீடுகளைப் பராமரிக்க ஆளும் இல்லை, வருமானமும் இல்லை. ஓட்டுக் கூரையில் ஆண்டுதோறும் ஓடு மாற்ற வேண்டும். பத்தாண்டு மாற்றாமல் விட்டால் கூரை தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும்.

தண்ணீர் எங்கே வேலை செய்கிறது? மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ் முறை: தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்கோட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டை ஓடு பதித்தது. உத்தரத்தின் நடுப்பகுதி காற்றோட்டத்தில் இருப்பதால் நூறு ஆண்டு ஆனாலும் கல்லாக இருக்கும். அதன் இரண்டு முனைகள்தான் சுவருக்குள் புதைந்தவை. கைப்பிடிச் சுவரோரம் இறங்கும் தண்ணீர் அந்த முனைகளை ஊற வைக்கும். இன்று பார்த்த உத்தரம் ஒன்று வெளியே முழம் முழமாகப் பளபளக்கிறது. சுவருக்குள் நுழையும் இடத்தில் கரையான் மண் விரல் தடிமனில் ஏறியிருக்கிறது. குச்சியால் தொட்டதும் மரம் பிஸ்கட் போல உதிர்ந்தது. அந்த முனைமேல்தான் ஒரு டன்னுக்கு மேல் செங்கல்லும் காரையும் உட்கார்ந்திருக்கின்றன.

அதனால் மாடி ஏறும் முன் கீழ்த்தளத்திலேயே அரை மணி நேரம் மேலே பார்த்து நடங்கள். கூரையடியில் காபிக் கறை போன்ற வளையம், வெள்ளை உப்புப் பூத்த திட்டு, தரையில் புதிதாக உதிர்ந்த செங்கல் தூள், உத்தரம் நடுவில் தொய்வு. இதில் ஒன்று இருந்தாலும் அந்த அறைக்கு மேல் போக வேண்டாம். கறை ஈரமாக இருந்தால் மாடிக்கே போக வேண்டாம். மழை பெய்தால் நின்ற பிறகும் மூன்று நாள் கழித்துத்தான். ஊறிய காரை எடை கூடியிருக்கும்.

மேலே போனால் அறையின் நடுவே நடக்காதீர்கள். சுவரை ஒட்டி நடப்பது பாதுகாப்பு என்று சொல்வார்கள். கீழிருந்து சுவர் வருகிற இடத்தில் சுவரின் நேர் மேலே நடப்பதுதான் சரி. உத்தரத்தின் முனை உளுத்திருந்தால் வெளிச்சுவரோரம் முதலில் போகும். ஒரு தடிக் கம்பால் ஒவ்வோர் அடிக்கும் தட்டுங்கள். 'டொக்' என்றால் சரி, 'பொத்' என்றால் திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஓர் ஆள். மற்றவர் கீழே, அந்த அறைக்கு நேர் கீழே நிற்காமல். மரப்படிகளில் பலகையின் நடுவில் மிதிக்காமல் சட்டத்தை ஒட்டிய ஓரத்தில் காலை வையுங்கள்.

1930, 40களில் கட்டிய வீடுகளில் மரத்துக்குப் பதில் இரும்பு உத்தரமும் சிமெண்டும் வந்துவிட்டன. இவை வலுவானவை என்று நம்பி ஏமாறாதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள சிமெண்டைப் பிளந்து தள்ளும். உள்ளங்கை அகலச் சிமெண்டுப் பாளங்கள் தாமாகக் கீழே விழும், எனவே தலைக்கவசம் கட்டாயம். துருவை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டியது இதே காரைக்குடியில்தான். அந்த மண்ணின் வீடுகளைத் துரு தின்பதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சுதைச் சிற்பங்கள் இருக்கும்: லட்சுமி, பசு, சில இடங்களில் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிப்பாய். எட்டிப் பார்த்து எடுக்க ஆசை வரும். அரசங்கன்று வேர்விட்ட சுவரில் சாயவே கூடாது. தெருவின் எதிர்ப்புறமிருந்து 200 மில்லிமீட்டர் லென்ஸில், மாலை நாலரை மணிப் பக்கவெளிச்சத்தில் எடுங்கள். மேற்குப் பார்த்த முகப்புக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஐந்தாம் நாள், கோட்டையூர்

மூன்றாங்கட்டு, அடுப்படி, கொல்லை. ஆளுயரப் புல். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கலாம், கொடி மூடியிருக்கலாம். கம்பால் தட்டாமல் ஓரடி வைக்காதீர்கள்.

வௌவால் தங்கும் அறைகளில் எச்சம் காய்ந்து பொடியாகக் கிடக்கும். அதில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வளரக்கூடும். என்95 முகக்கவசம் முகத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும், துணிக் கவசம் பயன்படாது. அந்த அறையில் பெருக்காதீர்கள், லென்ஸ் மாற்றாதீர்கள், பையைத் தரையில் வைக்காதீர்கள். முகப்பு வளைவுக்கு அடியில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் ஃபிளாஷ், வாசனைத் தைலம், ட்ரோன் மூன்றும் வேண்டாம்.

பாம்புக்குக் கணுக்கால் மூடிய பூட்ஸ், கையில் டார்ச். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இந்த வறண்ட மண்ணில் வாழ்பவை. ஓட்டுக் குவியலைக் கையால் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள். உள்ளே போகும் முன்பே, எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிட வேண்டும். தடித்த சுவர்களுக்குள் அலைபேசி எடுக்காது.

மாலை முழுக்கக் கோப்பு வேலை. இந்த வீடுகளில் எது அடுத்த ஆண்டு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் இருக்கின்றன, ஆனால் பட்டியல் ஓடு மாற்றாது. அதனால் அழகான படம் மட்டும் போதாது, ஆவணமாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் நான்கு மூலையிலிருந்து நான்கு படம், கூரை ஒன்று, தரை ஒன்று. ஒவ்வொரு தூண் வகைக்கும் அடி, நடு, போதிகை என மூன்று, பக்கத்தில் ஒரு மீட்டர் அளவுகோலோடு. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், கட்டு, திசை. வெளியிடும்போது இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட்டு, ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெருப் பெயரோ பூட்டின் படமோ வேண்டாம். தூண் திருடுகிறவரும் அதே படத்தைப் பார்ப்பார். மூலக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் பங்காளிக்கு அனுப்புங்கள். வீடு இடிந்தால் அவர்களிடம் மிஞ்சுவது அதுதான்.

கிளம்பும் முன் திறந்த கதவு ஒவ்வொன்றையும் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சாவியைக் கையில் கொடுக்கும்போதே கண்ணில் பட்ட பழுதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாங்கட்டு வடமேற்கு மூலையில் மூன்று ஓடு விலகி வானம் தெரிகிறது என்று இன்று படத்தைக் காட்டிச் சொன்னோம். பார்த்துக்கொள்பவர் அதை அங்கேயே சென்னைக்கு அனுப்பினார். "பழைய ஓடு கொல்லையில கெடக்குதுண்ணே, ஏணி மட்டும் வாங்கியாரணும்" என்றார்.